பிள்ளைகளின் போட்டி நீச்சல், இங்கேயும் வெளிநாட்டிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ரெலாவ் நீச்சல் குளத்தின் பார்வையாளர் படிகளில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. அண்ணன் குடும்பம் பெர்த்தில் இருக்கிறது, சித்தி மகள் நியூ ஜெர்சியில், மாமா வீட்டார் சென்னையில். எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையாவது நீந்துகிறது, அதனால் எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வாரம் தவறாமல் யாராவது ஒரு நேரத்தைப் போடுவார்கள், உடனே இங்கே ஒரு வீட்டில் கவலை ஆரம்பித்துவிடும். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, எம்எஸ்எஸ்எம், மேக்ஸ், சுக்மான்னு ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. இதுல எது பெருசு?

மூன்றும் வேறு வேறு வாசல். எம்எஸ்எஸ்எம் பள்ளி வழி: பிள்ளை பள்ளியின் பெயரில் மாவட்டப் போட்டியில் நீந்தும், அங்கே தேர்வானால் மாநிலம், அதிலும் தேர்வானால் எல்லா மாநிலப் பள்ளிகளும் கூடும் தேசியப் போட்டி. மேக்ஸ் என்பது மலேசிய வயதுப் பிரிவு நீச்சல் போட்டி. அதற்கு கிளப் மூலமாகப் போக வேண்டும். சுக்மா 1986இல் தொடங்கிய மலேசிய விளையாட்டுப் போட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாநிலங்கள் மோதுவது, அங்கே போவதற்குள் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கிவிட்டு அதோடு நின்றுபோன தமிழ்ப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். திறமை குறைவால் நிற்கவில்லை. அடுத்து கிளப்பில் சேர வேண்டும் என்று அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் சொல்லவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.

குளம்னா குளம்தானே? ஷார்ட் கோர்ஸ், லாங் கோர்ஸ்னு ஏன் பிரிக்கிறாங்க?

ஒலிம்பிக் நடக்கும் குளம் 50 மீட்டர் நீளம், அது லாங் கோர்ஸ். 25 மீட்டர் குளம் ஷார்ட் கோர்ஸ். 100 மீட்டர் நீந்த பெரிய குளத்தில் ஒரு முறை திரும்பினால் போதும், சின்னதில் மூன்று முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துக்கொண்டு வரும்போது கிடைக்கும் வேகம் கையால் நீந்திப் பெறும் வேகத்தைவிட அதிகம். அதனால் அதே பிள்ளை அதே உடம்போடு 25 மீட்டர் குளத்தில் ஒன்றிரண்டு விநாடி குறைவாகவே முடிக்கும்.

கொண்டோ குளத்தில் எடுத்த நேரத்தைப் போட்டி நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். பல கொண்டோ குளங்கள் இந்த இரண்டு அளவிலுமே வராது, ஒரு தடவை அளந்து பாருங்கள்.

அமெரிக்காவுல இருக்கிற என் அக்கா பையன் 100 ஃப்ரீஸ்டைல் 58 விநாடியில முடிக்கிறான். என் பையனுக்கும் அதே வயசு, 1 நிமிஷம் 7 விநாடி ஆகுது. ஒன்பது விநாடி பின்னாடி இருக்கானா?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இதுதான். முதலில் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: அது யார்டா, மீட்டரா? அமெரிக்காவில் இலையுதிர் காலத்திலிருந்து வசந்த காலம் வரை பிள்ளைகள் நீந்துவது 25 யார்ட் குளத்தில். 25 யார்ட் என்றால் 22.86 மீட்டர். அங்கே 100 என்று சொல்வது உண்மையில் 91 மீட்டரும் கொஞ்சமும்தான், அதற்கும் மூன்று திருப்பம். கோடையில்தான் பெரும்பாலும் 50 மீட்டர் குளத்துக்கு வருவார்கள். உயர்நிலைப் பள்ளி நீச்சலும் கல்லூரி நீச்சலும்கூட வழக்கமாக யார்டில்தான் நடக்கின்றன.

அங்கே பயிற்றுநர்கள் வைத்திருக்கும் மாற்றுக் கணக்குப்படி 100 யார்டில் 58 விநாடி என்பது 50 மீட்டர் குளத்தில் ஏறத்தாழ 1 நிமிடம் 6 விநாடி. உங்கள் பையனுக்கும் அவனுக்கும் ஒரு விநாடி சுமார்தான் வித்தியாசம். அந்தக் கணக்கும் தோராயமானது, ஏனென்றால் நன்றாகத் திரும்பத் தெரிந்த பிள்ளைக்கு யார்ட் குளம் இன்னும் கூடுதலாகக் கை கொடுக்கும். புலனத்தில் யார் நேரம் போட்டாலும் குளத்தின் அளவைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் பாதிச் சண்டை தீர்ந்தது.

வயசு எப்படிக் கணக்குப் பண்றாங்க? என் மகள் டிசம்பர்ல பிறந்தவ, எப்பவும் பெரிய பிள்ளைகளோடவே மோத வேண்டியிருக்கு.

நம் பள்ளிப் போட்டிகளில் பிறந்த ஆண்டை மட்டும்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் பிறந்ததும் டிசம்பரில் பிறந்ததும் ஒரே வயது. 16 வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிய விஷயமில்லை, 10 வயதில் அது ஒரு முழ உயரம் மாதிரி. உலக ஜூனியர் போட்டியிலும் டிசம்பர் 31 கணக்குதான், ஆனால் அங்கே வருகிறவர்கள் வளர்ந்தவர்கள்.

அமெரிக்காவில் போட்டியின் முதல் நாளன்று பிள்ளைக்கு என்ன வயதோ அதுதான் வயது. அதனால் அங்கே பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் '10 வயதும் அதற்குக் கீழும்' பிரிவில் முதலாவதாக வந்த பிள்ளை, அடுத்த மாதம் 11-12 பிரிவில் கடைசி வரிசையில் நிற்கும். எல்லாப் பிள்ளைக்கும் சுழற்சியில் ஒரு முறை 'பெரிய பிள்ளை'யாக இருக்கும் வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. டிசம்பர் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு நான் சொல்வது: தரவரிசையைப் பார்க்கும்போது மகளைவிட எத்தனை மாதம் மூத்தவர்கள் முன்னால் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் சொல்கிறேன்.

விதிமுறைகளும் நாட்டுக்கு நாடு மாறுமா?

நீந்தும் விதம் மாறாது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளையில் 15 மீட்டர் கோட்டுக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும். இவை உலக நீர் விளையாட்டு அமைப்பின் விதிகள், 2023க்கு முன்பு ஃபினா என்று அழைக்கப்பட்டதே அது. பெர்த்திலோ சென்னையிலோ கற்றுக்கொண்டது இங்கேயும் செல்லும்.

அமெரிக்காவுல பத்து வயசுப் பிள்ளைக்கு தேசியப் போட்டியே கிடையாதாமே, நிஜமா?

நிஜம். நாடு முழுக்கப் பிள்ளைகளைக் கூட்டி 10 வயதுச் சாம்பியன் என்று அவர்கள் ஒருவரை அறிவிப்பதில்லை. நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த மண்டலப் போட்டிதான் உச்சம். அதற்கு மேல் ஜூனியர் நேஷனல்ஸ், 18 வயதுக்குட்பட்ட யாரானாலும் தகுதி நேரம் எடுத்தால் போகலாம். ஆஸ்திரேலியாவிலும் தேசிய வயதுப் பிரிவுப் போட்டி 13 வயதில்தான் தொடங்குகிறது.

அதற்குப் பதிலாக அமெரிக்காவில் நேரத் தரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பி, பிபி, ஏ, ஏஏ என்று ஏஏஏஏ வரை போகும். பிள்ளை பக்கத்து லேனில் யார் என்று பார்க்காமல் 'எனக்கு பிபி வந்துவிட்டது, அடுத்தது ஏ' என்று போகும். சித்தி மகளின் பையன் ஆறாவதாக வந்துவிட்டுக் குதித்துக் குதித்துப் பேசியது எங்களுக்கு முதலில் புரியவில்லை, அன்று அவனுக்கு முதல் ஏ கிடைத்திருந்தது. அங்கேயும் வயதுவாரித் தேசியச் சாதனைப் பட்டியல் உண்டு, அதைப் பார்த்து மனம் புழுங்கும் பெற்றோரும் உண்டு. ஆனாலும் பத்து வயதில் ஒரு குழந்தைக்கு 'நீ நாட்டில் நாற்பதாவது' என்று சொல்லாமல் இருக்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவுல ஜப்பான்ல எல்லாம் பிள்ளைங்க எப்படி இவ்வளவு நல்லா நீந்துதுங்க? உடம்புவாகா?

உடம்புவாகு இல்லை, பள்ளிக்கூடம். ஜப்பானில் 1955 மே 11 அன்று ஷியுன் மாரு என்ற படகு மூழ்கி 168 பேர் இறந்தார்கள், அதில் 100 பேர் பள்ளிச் சுற்றுலா போன மாணவர்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பள்ளிகளில் குளம் கட்டுவதும் நீச்சலைப் பாடமாக்குவதும் வேகமெடுத்தன. ஆஸ்திரேலியாவில் பள்ளி நீச்சல் விழா என்பது நம் ஊரில் பள்ளி ஓட்டப் பந்தயம் மாதிரி, பள்ளியின் இல்ல (ஹவுஸ்) அணிகளாகப் பிரிந்து நிறையப் பிள்ளைகள் குளத்தில் இறங்கும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்விம்சேஃபர் என்ற தண்ணீர்ப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு.

நான் பார்த்த எந்தத் தமிழ்ப் பள்ளியிலும் குளம் இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தண்ணீரைத் தொடாமலே ஆறாம் ஆண்டை முடிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தீவில் இருக்கிறோம், சுற்றிலும் கடல். பதக்கம் அப்புறம், முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதக்கத் தெரிய வேண்டும்.

மழை வந்தா கோச் நிறுத்துறார், புகைமூட்டம்னா நிறுத்துறார், நோன்பு மாசத்துல நேரத்தை மாத்துறார். இப்படி இருந்தா வெளிநாட்டுப் பிள்ளைகளோட எப்படிப் போட்டி போடுறது?

இடி கேட்டால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து ஏற்றியே ஆக வேண்டும், அதில் கோச்சிடம் வாதாட வேண்டாம். நம் ஊரில் இடிமழை அதிகமாக வருவது சாயங்காலம்தான், பயிற்சி நேரமும் அதுதான், அதனால் திறந்தவெளிக் குளத்துப் பிள்ளைகளுக்கு நேரம் போகும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கை நிறுத்தப்படும், 200 ஆனால் பள்ளியே மூடப்படும், 2019இல் அதை எல்லோரும் பார்த்தோம். நுரையீரலை முழுக்க இழுத்து வேலை வாங்கும் விளையாட்டு இது, புகையில் நீந்த விடாத கோச்சுக்கு நன்றி சொல்லுங்கள்.

நோன்பு மாதத்தில் நேரம் மாறுவது சரியான ஏற்பாடு. மகளின் குழுவில் நோன்பு வைத்துக்கொண்டு நீந்தும் தோழிகள் இருக்கிறார்கள், அவர்களுக்காக மற்ற பிள்ளைகளும் நேரம் மாற்றிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. மற்ற நாட்டிலும் தடை இருக்கிறது: குளிர்நாட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வெளியே இறங்கவே முடியாது, கூரைக் குளத்தில் லேன் கிடைக்க விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருப்பார்கள். வருடம் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர் நமக்கு இருக்கிறது. காணாமல் போன சாயங்காலங்களை விடிகாலைப் பயிற்சி ஓரளவு ஈடுகட்டும், அதற்கு ராத்திரி ஒன்பதரைக்கு பிள்ளை தூங்க வேண்டும்.

சிங்கப்பூர் பக்கத்துலதான் இருக்கு, அங்க மட்டும் எப்படி ஒலிம்பிக் தங்கம்?

ஜோசஃப் ஸ்கூலிங் 2016இல் ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 விநாடியில் நீந்தி, மைக்கேல் ஃபெல்ப்ஸையே பின்னால் விட்டுத் தங்கம் வாங்கினார். பார்த்தபோது எங்கள் வீட்டிலும் கத்தினோம். ஆனால் அவர் பதின்ம வயதிலேயே அமெரிக்காவின் போல்ஸ் பள்ளிக்குப் போய், பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நீந்தியவர். 18 வயது ஆண்பிள்ளைக்கு சிங்கப்பூரில் கட்டாயத் தேசியச் சேவை, அதை அவருக்காக 2013இல் ஒத்திவைக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. குடும்பத்தின் துணிச்சலும் அரசாங்கத்தின் இசைவும் சேர்ந்து வந்த தங்கம் அது.

மற்ற பிள்ளைகளுக்கு அங்கே இருக்கும் பெரிய வசதி, நேரடிப் பள்ளிச் சேர்க்கை. 2004 முதல் விளையாட்டுத் திறமையை வைத்தே இடைநிலைப்பள்ளியில் இடம் வாங்கலாம், விளையாட்டுப் பள்ளியும் அதே ஆண்டில் திறந்தது. நம்மிடம் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது, 1996 முதல். தேர்வானால் தங்கிப் படிக்க வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு அனுப்ப மனசு வருமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், பிள்ளையையும் வைத்துக்கொண்டு.

இந்தியாவுல நம்ம தமிழ்ப் பிள்ளைங்க நிலைமை எப்படி?

குளம் இருக்கும் ஊரில் நன்றாக இருக்கிறது, இல்லாத ஊரில் ஒன்றும் இல்லை. சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம் 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டியது, இன்றும் அங்கேதான் கூட்டம். பெங்களூரு கிளப்புகள் இன்னும் வலுவானவை. சஜன் பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள், அவர் நெய்வேலியில் வளர்ந்தவர், அம்மாவுக்கு அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை. 2021இல் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடியாக இடம் தரும் ஏ தகுதி நேரத்தை எடுத்த முதல் இந்தியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 27.

நடிகர் மாதவனின் மகன் வேதாந்தை எல்லோரும் கேட்பீர்கள். கொரோனா காலத்தில் மும்பையில் பெரிய குளங்கள் மூடியதால் குடும்பமே துபாய்க்கு மாறியது. 2023 ஏப்ரலில் நம் கோலாலம்பூருக்கு வந்து வயதுப் பிரிவுப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கிப் போனார். எல்லோராலும் அப்படி நாடு மாற முடியாது என்பது உண்மை. அதே போட்டியில் அதே குளத்தில் நம் பிள்ளைகளும் இறங்கினார்கள் என்பதும் உண்மை, வெளிநாட்டுத் தரத்தைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை.

சீனாவுல 12 வயசுப் பொண்ணு உலகப் போட்டியில நீந்துச்சே! என் மகளுக்கும் 12. நாம தூங்கிட்டோமா?

யூ ஸிடி. 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தனிநபர் பிரிவுகளில் நான்காவது, அதில் 200 மீட்டர் ஐஎம்மில் (நான்கு பாணியும் கலந்து நீந்துவது) பதக்கம் போனது 0.06 விநாடியில். தொடர் நீச்சலின் தகுதிச் சுற்றில் நீந்தியதால் ஒரு வெண்கலமும் கிடைத்தது. உலகப் போட்டிக்குக் குறைந்தபட்ச வயது 14, கடினமான தகுதி நேரத்தை எடுத்தால் மட்டும் விலக்கு, அந்த விலக்கில்தான் அவர் வந்தார். சீனாவில் மாகாண அணிகளும் விளையாட்டுப் பள்ளிகளும் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொள்ளும், பள்ளி, சாப்பாடு, பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

அப்படிப்பட்ட நாட்டிலும் 12 வயதில் ஒருவர்தான் வந்தார். நம்மிடமும் அப்படி ஒருவர் இருந்தார்: நூருல் ஹூடா அப்துல்லா 1985 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் 13 வயதில் ஏழு தங்கம் வாங்கினார், மூன்று சீ விளையாட்டுகளில் மொத்தம் 22. இவர்களை வியந்து பாருங்கள், உங்கள் மகளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். சஜன் பிரகாஷின் வயதை மேலே சொன்னேனே, அதையும் நினைவில் வையுங்கள்.

நம்ம பிள்ளைங்க உயரம் கம்மி. வெள்ளைக்காரப் பிள்ளைகளோட முடியுமா?

உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானின் கோசுகே கிதாஜிமா 178 சென்டிமீட்டர்தான், 2004லும் 2008லும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் 100, 200 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். உயரம் குறைந்த பிள்ளைக்குத் திருப்பமும் தண்ணீருக்கடியில் உதைப்பதும் கைகொடுக்கும், அவற்றைக் கோச்சிடம் கேட்டுச் செய்ய வையுங்கள்.

பொண்ணு கருத்துப் போறா, அதோட வயசுக்கும் வந்துட்டா. இனி நிறுத்திடலாம்னு மாமியார் சொல்றாங்க.

இந்தக் கேள்வியைக் காதோடு காதாகத்தான் கேட்பார்கள், அதனால் சத்தமாகவே பதில் சொல்கிறேன். நிறுத்தாதீர்கள். மாதவிடாய் நாட்களில் நீந்துவதில் உடம்புக்குத் தீங்கு ஒன்றும் இல்லை, டாம்பான் அல்லது நீச்சலுக்கென்றே வரும் உள்ளாடை இருக்கிறது, வலி அதிகம் என்றால் அன்று மட்டும் ஓய்வு. மாதம் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ மருத்துவரைப் பாருங்கள், கடுமையான பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாத பிள்ளைகளுக்கு அது வரும். அண்ணன் மகளின் கிளப்பில் இதைப் பெண் பயிற்றுநர் ஒருவர் பிள்ளைகளோடும் அம்மாக்களோடும் வெளிப்படையாகப் பேசுவதைப் பார்த்தேன், பிள்ளைகள் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா.

வெயில் விஷயம் நிறத்துக்காக வேண்டாம், தோலின் ஆரோக்கியத்துக்காகக் கவனியுங்கள். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விட மாட்டார்கள். பயிற்சிக்கு நீளக்கை நீச்சல் சட்டை, முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன், முடிந்தவரை விடிகாலை. மாமியாரை ஒரு நாள் குளத்துக்குக் கூட்டி வாருங்கள். என் மாமியார் இப்போது மைலோ பொட்டலத்தோடு முதல் படியில் உட்காருகிறார்.

விலை உயர்ந்த நீச்சலுடை வாங்கினாதான் ஜெயிக்க முடியுமா?

10 வயதில் தேவையே இல்லை. 2008, 2009இல் பாலியூரிதேன் உடைகளால் உலகச் சாதனைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன, 2010இல் அவற்றைத் தடை செய்தார்கள். இப்போது விற்கும் துணியாலான பந்தய உடைகளும் பல நூறு ரிங்கிட். அமெரிக்காவில் 2020 செப்டம்பர் முதல் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் அந்த உடையைப் போடவே கூடாது என்று விதி வைத்துவிட்டார்கள். அந்தப் பணத்தில் நல்ல கண்ணாடியும் ஒரு ஜோடி துடுப்புக் காலணியும் வாங்கலாம்.

அப்போ நாடு விட்டு நாடு ஒப்பிட வழியே இல்லையா?

ஒரு வழி இருக்கிறது, உலக நீர் விளையாட்டு அமைப்பின் புள்ளி. உலகச் சாதனை நேரத்தைப் பிள்ளையின் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் புள்ளி வரும். 50 மீட்டர் குளத்தில் 100 ஃப்ரீஸ்டைலை ஒரு பையன் சரியாக ஒரு நிமிடத்தில் முடித்தால், பான் ஷான்லேயின் உலகச் சாதனையான 46.40 விநாடியை வைத்து 462 புள்ளி. அதே ஒரு நிமிடம் ஒரு பெண்ணுக்கு 640, ஏனென்றால் அவளுக்கு அடிப்படை சாரா ஷோஸ்ட்ரோமின் 51.71 விநாடி.

இதில் குள அளவு, ஆண் பெண், பிரிவு எல்லாம் சரிக்கட்டப்படும். வயது சரிக்கட்டப்படாது, 11 வயதுக்கும் 25 வயதுக்கும் ஒரே அளவுகோல். யார்ட் நேரத்துக்கு இந்தப் புள்ளியே கிடையாது. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வலு என்று தெரிந்துகொள்ள இது நல்ல கருவி, போன வருடப் புள்ளியோடு இந்த வருடத்தை வைத்துப் பார்க்கவும் ஆகும்.

எஸ்பிஎம் வருது. படிவம் நான்குல நீச்சலை விட்டுடச் சொல்றாங்க. அமெரிக்க உபகாரச் சம்பளம் கிடைக்குமா?

இரண்டு கேள்வி இது. எஸ்பிஎம் என்பது படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் தேசியத் தேர்வு. உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10. மாநிலம், தேசியம் என்று நீந்திய சான்றிதழ் அந்தப் பத்தில் நிற்கும், தூக்கிப்போடாதீர்கள். மகள் அடுத்த வருடம் படிவம் ஐந்து, வாரம் ஆறு பயிற்சியை நான்காகக் குறைப்பது என்று கோச்சிடம் பேசி வைத்திருக்கிறோம், விடுவதாக இல்லை.

அமெரிக்காவில் கல்லூரி நீச்சல் பெரிய உலகம், சபாவின் அலெக்ஸ் லிம் போல்ஸ் பள்ளி வழியாக பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1998 ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் தங்கம் அவருடையது. ஆனால் முழு உபகாரச் சம்பளம் அரிது. பல ஆண்டுகளாக முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்றுக்கு ஆண்களுக்கு 9.9, பெண்களுக்கு 14 என்றுதான் முழுச் சம்பளத்தின் அளவு இருந்தது, அதை அணி முழுக்கப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025இல் அந்த முறையை மாற்றி, அணியில் எத்தனை பேர் என்று வரம்பு வைத்தார்கள், அதனால் கல்லூரிக்குக் கல்லூரி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பும் பார்ப்பார்கள். பள்ளி முடித்து நீண்ட இடைவெளி விட்டால் நீந்தும் ஆண்டுகள் குறையலாம், படிவம் நான்கிலேயே பயிற்றுநர்களுக்கு எழுத ஆரம்பியுங்கள்.

தம்பி குடும்பம் சிங்கப்பூர்ல பிஆர், அதாவது நிரந்தரவாசி. பையன் அங்க பயிற்சி எடுத்தா யாருக்கு நீந்துவான்?

பயிற்சி எங்கே எடுத்தாலும் கடவுச்சீட்டுதான் நாடு. மலேசியக் குடியுரிமை இருக்கும்வரை அனைத்துலகப் போட்டியில் மலேசியாவுக்குத்தான். சிங்கப்பூர்க் கிளப் போட்டிகளில் கிளப்பின் பெயரில் நீந்தலாம், அது வேறு. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஒரு நாட்டுக்கு நீந்திவிட்டு இன்னொன்றுக்கு மாறினால் காத்திருப்புக் காலமும் உண்டு. 14 வயதுப் பையன் தலையில் இந்த முடிவை வைக்க வேண்டாம்.

என் பையன் பத்து வயசுல மாநிலத்துல முதல். இப்ப 13, எட்டாவது. வேற நாட்டுல பிறந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?

இந்தக் கேள்வி கேட்டவர் அழுதுகொண்டே கேட்டார். வந்திருக்கும், எந்த நாட்டிலும் வரும். பெண்பிள்ளைகளுக்கு வேகமாக உயரும் காலம் சுமார் 12 வயது, ஆண்பிள்ளைகளுக்கு சுமார் 14, இதில் இரண்டு வருடம் முன்னே பின்னே இருப்பது இயல்பு. சீக்கிரம் வளர்ந்த பையன் பத்து வயதில் ஜெயிப்பான், மற்றவர்கள் வளரும்போது வரிசை கலையும். வித்தியாசம் என்னவென்றால், பத்து வயதில் தேசியச் சாம்பியன் என்று பட்டம் கட்டாத நாட்டில் அந்தப் பையனுக்கு இழக்க ஒரு பட்டம் இருக்காது. நம் பையனுக்கு நாம் கட்டிவிட்டோம், பேனரும் போட்டோம், இப்போது அவன் எட்டாவதாக வருவது அவன் தோல்வி மாதிரித் தெரிகிறது.

என் மகளுக்கு 12 வயதில் நான் பெர்த் அண்ணன் மகளின் நேரத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். உற்சாகம் வரும் என்று நினைத்தேன். ஒரு வருடம் அவள் நேரம் அசையவில்லை, போட்டிக்கு முந்தைய ராத்திரி வயிற்றுவலி வரும். அண்ணன் மகள் அவளைவிடப் பத்து மாதம் மூத்தவள், ஒட்டிய நேரம் 25 மீட்டர் குளத்தில் எடுத்தது, இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அழுதுகொண்டே கேட்ட அந்த அப்பாவுக்கு நான் சொன்னது இதுதான். பையனின் மூன்று வருட நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். கொண்டு வந்தார். 100 ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு வருடமும் மூன்று நான்கு விநாடி குறைந்திருந்தது. எட்டாவதாக வந்த அன்றுதான் அவன் தன் வாழ்நாளின் மிக வேகமான நேரத்தை எடுத்திருந்தான், வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கீழே இறங்கிப் போய், குளத்தோரத்தில் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்த பையனிடம் அந்தத் தாளைக் காட்டினார்.